பழைய போர் விமான சிமுலேட்டரில் எதை முதலில் திருத்துவது?

கேள்வியை முதலில் சுருக்கித் தருகிறேன். தொண்ணூறுகளின் இறுதியில் எழுதப்பட்ட ஒரு போர் விமான சிமுலேட்டரை, மூலநிரலைக் கையில் வைத்துக்கொண்டு நண்பர்கள் சிலர் பராமரித்து வருகிறார்கள். மூன்று குறைகள் அவர்களை வாட்டுகின்றன. கணினி ஓட்டும் எதிரி விமானங்கள் வேகம் இழக்காமல் செங்குத்தாக ஏறிக்கொண்டே போகின்றன. ஒரே ஏவுகணை ஒருவர் கணினியில் பெரும்பாலும் இலக்கைத் தாக்குகிறது, இன்னொருவர் கணினியில் பெரும்பாலும் தவறுகிறது. கேம்பெய்ன், அதாவது தொடர்ந்து நடக்கும் போர், பல மணி நேரம் ஓடியதும் நிரல் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுகிறது. நிஜத்தன்மையைக் கூட்டுவதா, பிழைகளை நீக்குவதா, எதை முதலில் செய்வது என்று கேட்கிறார்கள்.

இரண்டும் ஒரே வேலை என்பதுதான் என் பதில். வரிசை முக்கியம்: முதலில் கடிகாரமும் அலகுகளும், அடுத்து தரவு, அதன் பிறகு புதிய அம்சங்கள். நிரலில் உள்ள பிழையை அப்படியே விட்டுவிட்டு, விமானம் சரியாகப் பறப்பதுபோல் தோன்றும்வரை தரவு எண்களை வளைப்பதுதான் இந்தத் துறையில் மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. அப்படிச் செய்தால் ஒரு பொய்யை இன்னொரு பொய் தாங்கி நிற்கும். இரண்டு ஆண்டுகள் கழித்து ஒருவர் நிரல் பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தும்போது எல்லா விமானங்களும் ஒரே நாளில் கெட்டுப்போகும். பழி, சரியாகத் திருத்தியவர்மேல் விழும்.

இந்த வழியில் நெடுந்தூரம் வந்தவர்களின் வரலாறு நம் முன்னே இருக்கிறது. 1998 டிசம்பரில் மைக்ரோபுரோஸ் நிறுவனம் ஃபால்கன் 4.0 சிமுலேட்டரை வெளியிட்டது. எஃப்-16 விமானம், கொரியத் தீபகற்பம், வளையக் கோப்பில் கட்டிய பருமனான கையேடு, தானாகவே நடந்துகொண்டிருக்கும் ஒரு முழுப் போர். பிழைகளும் ஏராளமாக இருந்தன. ஓராண்டு முழுக்கத் திருத்தப் பதிப்புகள் வந்தன. 1999 டிசம்பரில் 1.08 பதிப்பு வந்த சூட்டோடு, நிறுவனத்தை வாங்கியிருந்த ஹாஸ்ப்ரோ கலிஃபோர்னியாவின் அலமீடாவில் இருந்த ஸ்டூடியோவை மூடிவிட்டது. 2000 ஏப்ரலில் மூலநிரல் இணையத்தில் கசிந்தது. பல குழுக்கள் பல திசைகளில் அதை வளர்த்தன. உரிமம் பெற்று 2005இல் 'அலைட் ஃபோர்ஸ்' என்ற பதிப்பு வந்தது. பெஞ்ச்மார்க் சிம்ஸ் என்ற தன்னார்வலர் குழு 2011இல் பிஎம்எஸ் 4.32 பதிப்பை வெளியிட்டது. அந்தக் கிளை இன்றுவரை உயிரோடு வளர்கிறது. அதை நிறுவ, விலை கொடுத்து வாங்கிய மூல ஃபால்கன் 4.0 இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் தொடர்கிறது.

மூலநிரல் கசிவதற்கு முன்பே ரியலிசம் பேட்ச் என்ற பெயரில் ஆர்வலர்கள் வேலையைத் தொடங்கிவிட்டார்கள் என்பதை நான் மிகவும் மதிக்கிறேன். அதற்கு வழி செய்தது ஃபால்கனின் அமைப்பு. விமானத்தின் ஏற்றுவிசை, இழுவை, எஞ்சின் உந்துவிசை ஆகியவை நிரலுக்குள் புதைக்கப்படாமல் தனி அட்டவணைகளாக இருந்தன. மாக் எண் (ஒலிவேகத்தோடு ஒப்பிட்ட வேகம்) ஒரு பக்கம், தாக்குகோணம் (எதிர்வரும் காற்றுக்கும் இறக்கைக்கும் இடையிலான கோணம்) இன்னொரு பக்கம், இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் ஒரு கெழு, அதாவது கணக்கில் பெருக்க வேண்டிய எண். நிரலுக்குள் நுழையாமலே அந்தக் கட்டங்களைத் திருத்த முடிந்தது. உங்கள் சிமுலேட்டரில் இத்தகைய எண்கள் நிரலுக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தால், எதையும் திருத்தும் முன் அவற்றை வெளியே எடுத்துத் தனிக் கோப்பில் வையுங்கள். அலுப்பான வேலைதான். ஆனால் பிறகு செய்யும் ஒவ்வொரு வேலையையும் அது எளிதாக்கும்.

இனி கடிகாரம். உங்கள் இரண்டாவது குறை, அதாவது ஏவுகணை ஆளுக்கொரு மாதிரி நடந்துகொள்வது, பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது. ஏவுகணையை ஏமாற்ற விமானம் உலோக இழைகளைத் தூவுகிறது. விமானிகள் இதைச் சாஃப் என்பார்கள். பழைய நிரல்களில் ஏவுகணை ஏமாறுமா என்பதை ஒவ்வொரு ஃபிரேமிலும், அதாவது திரை ஒவ்வொரு முறை புதிதாக வரையப்படும்போதும், ஒரு தற்செயல் எண்ணை எடுத்து முடிவு செய்வார்கள். ஒரு முறைக்கு 2 சதவீத வாய்ப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 30 ஃபிரேம் ஓடும் கணினியில் ஒரு நொடிக்குள் ஏமாறும் வாய்ப்பு சுமார் 45 சதவீதம். நொடிக்கு 120 ஃபிரேம் ஓடும் கணினியில் அதுவே 91 சதவீதம். விலையுயர்ந்த கணினி வாங்கியவர் தப்பிக்கிறார், பழைய கணினிக்காரர் சாகிறார். தற்செயல் வாய்ப்பை நொடிக்கு இவ்வளவு என்று வரையறுத்து, கடந்த நேரத்துக்கு ஏற்ப அடுக்குக் கணக்கால் மாற்றினால் இது தீரும். இன்னும் நல்ல வழி, இயற்பியல் கணக்கு முழுவதையும் மாறாத நேர அடியில், அதாவது ஒரு கணக்குக்கும் அடுத்த கணக்குக்கும் இடையே ஒரே அளவு இடைவெளி விட்டு, ஓட்டுவது. நொடிக்கு 100 முறை என்றால் எல்லாக் கணினியிலும் 100 முறை. திரையில் வரைவது அதன் பாட்டுக்குத் தனியாக நடக்கட்டும்.

ஏவுகணையில் இன்னொரு கோளாறும் ஒளிந்திருக்கும். நொடிக்கு 1000 மீட்டர் வேகத்தில் வரும் ஏவுகணை, 30 ஃபிரேம் கணினியில் ஒரு ஃபிரேமுக்கு 33 மீட்டர் தாண்டுகிறது. எஃப்-16 விமானத்தின் நீளமே 15 மீட்டர்தான். ஒரு கணக்கில் ஏவுகணை விமானத்துக்கு முன்னால், அடுத்த கணக்கில் பின்னால். நடுவில் மோதியதை நிரல் பார்க்கவே இல்லை. இரண்டு நிலைகளுக்கும் இடையே ஒரு நேர்கோடு போட்டு, அந்தக் கோட்டில் இலக்குக்கு மிக நெருங்கிய புள்ளி எது என்று கணக்கிட வேண்டும். இலக்கின் அருகே வந்ததும் ஏவுகணையை வெடிக்கச் செய்யும் கருவி அந்தப் புள்ளியில் வேலை செய்யட்டும். இதைச் சரிசெய்யாமல் ஏவுகணையின் வெடிப்பு ஆரத்தைப் பெரிதாக்கிச் சமாளித்த சிமுலேட்டர்களைப் பார்த்திருக்கிறேன். நான் மேலே சொன்ன, பொய் தாங்கும் பொய் அதுதான்.

நேரத்தைச் சேமிக்கும் மாறியையும் உடனே பாருங்கள். கேம்பெய்ன் தொடங்கியதிலிருந்து கடந்த நொடிகளை 32 பிட் மிதவைப் புள்ளி எண்ணில் வைத்திருந்தால் ஆபத்து. ஒன்றரை நாளுக்குமேல் அந்த எண்ணால் காட்டக்கூடிய மிகச் சிறிய இடைவெளி சுமார் 0.0156 நொடி. மூன்று நாளைத் தாண்டியதும் 0.031 நொடி. நொடிக்கு 120 ஃபிரேம் ஓடும் கணினியில் ஒவ்வொரு முறையும் கூட்டப்படுவது 0.0083 நொடிதான். மூன்று நாளுக்குப் பிறகு அதைக் கூட்டினாலும் எண் மாறாது. கடிகாரம் அப்படியே நின்றுவிடும். 60 ஃபிரேம் கணினியிலோ அதே கடிகாரம் ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் ஓடும். இது வெறும் விளையாட்டுக்காரர்களின் கவலை இல்லை. 1991 பிப்ரவரி 25 அன்று சவூதி அரேபியாவின் தஹ்ரானில் ஒரு பேட்ரியட் ஏவுகணை அமைப்பு, வந்துகொண்டிருந்த ஸ்கட் ஏவுகணையைத் தவறவிட்டது. பத்தில் ஒரு நொடி என்பதை இருமத்தில் முழுமையாக எழுத முடியாது. 24 பிட்டில் வெட்டியதால் வந்த நுண்பிழை, 100 மணி நேரம் இடைவிடாமல் ஓடியதில் 0.34 நொடியாக வளர்ந்திருந்தது. 28 வீரர்கள் இறந்தார்கள். நேரத்தை முழு எண்ணில் எண்ணுங்கள், தேவைப்படும் இடத்தில் மட்டும் நொடியாக மாற்றுங்கள்.

இடத்துக்கும் இதே நோய் உண்டு. வரைபடத்தின் மூலையிலிருந்து 1000 கிலோமீட்டர் தள்ளிப் பறந்தால் 32 பிட் எண்ணின் நுணுக்கம் 6 சென்டிமீட்டர். விமானி அறையின் முள்களும் எழுத்துகளும் நடுங்குவது அதனால்தான். உலக ஆயங்களை 64 பிட்டில் வைத்து, வரையும்போது விமானியின் கண்ணை மையமாகக் கொண்டு கழித்தால் நடுக்கம் போய்விடும்.

அலகுகளைச் சோதிக்க எந்த ரகசிய ஆவணமும் வேண்டாம். உயரம் மாறாமல் 9 ஜி விசையில் (தன் எடையைப் போல் ஒன்பது மடங்கு விசையில்), நொடிக்கு 200 மீட்டர் உண்மை வேகத்தில் திரும்பும் எந்த விமானமும் நொடிக்கு 25 பாகை திரும்பியாக வேண்டும், ஆரம் சுமார் 456 மீட்டராக இருந்தாக வேண்டும். எஃப்-16 ஆனாலும் மிக்-29 ஆனாலும் இதில் விதிவிலக்கு இல்லை. உங்கள் சிமுலேட்டரில் வேறு எண் வந்தால் பறப்பு மாதிரியைத் தொடாதீர்கள். வேகமானியோ, ஜி மானியோ, நேர அடியோ பொய் சொல்கிறது.

பெரும்பாலான சண்டைகள் காட்டப்படும் வேகத்துக்கும் உண்மை வேகத்துக்கும் உள்ள வேறுபாட்டில் தொடங்குகின்றன. 6000 மீட்டர் உயரத்தில் மானி மணிக்கு 400 கிலோமீட்டர் காட்டினால் உண்மை வேகம் ஏறக்குறைய 545. வெப்பநிலையையும் மறக்கக் கூடாது. பழைய சோதனை அறிக்கைகள் கடல்மட்டத்தில் 15 பாகை செல்சியஸ் என்ற திட்ட வளிமண்டலத்துக்குத் திருத்தி எழுதப்பட்டவை. கோடைக்கால வரைபடத்தில் 30 பாகையில் பறந்தால் காற்றின் அடர்த்தி 5 சதவீதம் குறைவு. "இந்த விமானம் புத்தகத்தில் உள்ளதைவிட மெதுவாகப் போகிறது" என்று வரும் புகார்களை, திட்ட வளிமண்டலம், குறிப்பிட்ட எடை, குறிப்பிட்ட எஞ்சின் அமைப்பு என்ற மூன்றும் பொருந்திய பிறகே ஏற்றுக்கொள்ளுங்கள். பாதிப் புகார்கள் அந்த வாசலிலேயே திரும்பிவிடும்.

இப்போது முதல் குறைக்கு வருகிறேன், ஏறிக்கொண்டே போகும் எதிரி. இதற்கான கருவியை போர் விமானி ஜான் பாய்டும் கணிதவியலாளர் தாமஸ் கிறிஸ்டியும் 1960களில் அமெரிக்க விமானப் படைக்காக வகுத்துத் தந்திருக்கிறார்கள். எஃப்-16 விமானம் உருவானதே அந்த ஆற்றல் கணக்கின் வழியில்தான். விமானத்தின் உயரத்தோடு, வேகத்தின் வர்க்கத்தை ஈர்ப்பு முடுக்கத்தின் இரு மடங்கால் வகுத்த எண்ணைக் கூட்டுங்கள். அதற்கு ஆற்றல் உயரம் என்று பெயர். நொடிக்கு 300 மீட்டர் வேகத்தில் பறப்பவரிடம் வேகமாக மட்டும் சுமார் 4600 மீட்டர் சேமிப்பு இருக்கிறது. எஞ்சின் இல்லாமல் செங்குத்தாக ஏறினால், காற்றின் இழுவையே இல்லாவிட்டாலும், அதற்குமேல் ஒரு மீட்டர்கூட ஏற முடியாது. எஞ்சின் தருவது எவ்வளவு என்றால், உந்துவிசையிலிருந்து இழுவையைக் கழித்து, வேகத்தால் பெருக்கி, எடையால் வகுத்தால் வருவது. நொடிக்கு இத்தனை மீட்டர் என்ற அந்த விகிதத்தைத் தாண்டி ஆற்றல் உயரம் வளரவே கூடாது.

எதிரி விமானத்தின் உயரத்தையும் உண்மை வேகத்தையும் நொடிக்கொரு முறை பதிவு செய்து, ஆற்றல் உயரத்தை வரைபடமாகப் போடுங்கள். டேக்வியூ போன்ற பதிவுக் கருவி இருந்தால் இன்னும் எளிது. கோடு, அந்த விமானத்துக்கு அந்த எடையில் வெளியிடப்பட்டுள்ள உச்ச ஏறுவிகிதத்தைவிடச் செங்குத்தாக எழுந்தால் குற்றம் நிரூபணமாகிவிட்டது. கோட்டின் வடிவமே காரணத்தையும் சொல்லும். திருப்பத்தின்போதும் கோடு கீழே சாயவில்லை என்றால், ஏற்றுவிசையால் பிறக்கும் தூண்டல் இழுவையை எதிரிகளுக்கான எளிய மாதிரியில் விட்டுவிட்டார்கள். எப்போதும் ஒரே அளவு மிகையாக எழுந்தால் எரிபொருளும் ஆயுதமும் இல்லாத வெற்று எடையில் பறக்கிறது. திடீர் படிகளாகத் தாவினால், விசைகளைக் கணக்கிடாமல் வேகத்தை நேரடியாக எழுதும் ஒரு வரி நிரலில் எங்கோ இருக்கிறது. அந்த வரியை முதலில் தேடுங்கள்.

கணினி ஓட்டும் விமானத்துக்கு எளிய மாதிரி இருப்பதில் எனக்கு மறுப்பில்லை. முப்பது நாற்பது விமானங்கள் பறக்கும்போது எல்லாவற்றுக்கும் முழு மாதிரி ஓட்டுவது அந்தக் காலத்துக் கணினிக்குச் சுமை. ஆனால் எளிமை வேறு, ஆற்றலை ஒன்றுமில்லாததிலிருந்து உருவாக்குவது வேறு. எளிய மாதிரியும் ஆற்றல் கணக்குக்குக் கட்டுப்பட்டே ஆக வேண்டும். மேகத்தின் ஊடாகப் பார்க்கும் எதிரி, தலைக்குப் பின்னாலும் கண் உள்ள எதிரி ஆகியவற்றையும் இதோடு சேர்த்துத் திருத்துங்கள். பார்வைக்கோணமும் மேகச் சோதனையும் போட அதிக நிரல் தேவைப்படாது.

தரவைப் பற்றிப் பேசத் தொடங்கினால் எனக்கு நிறுத்த மனம் வராது. எஃப்-16 என்றால் 1979இல் நாசா வெளியிட்ட தொழில்நுட்ப அறிக்கை 1538 பொதுவில் கிடைக்கிறது. லாங்லி ஆய்வகத்தின் காற்றுச் சுரங்கச் சோதனைகளை அடிப்படையாகக் கொண்டு, தாக்குகோணம் 90 பாகைவரை கெழுக்களைத் தரும் அறிக்கை அது. அதை அப்படியே அட்டவணையில் ஏற்றிவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் இரண்டு இடங்களில் சறுக்குகிறார்கள். அது குறைந்த வேகத் தரவு; ஒலிவேகத்தை நெருங்கும்போது இழுவை எப்படி உயர்கிறது என்பது அதில் இல்லை. அந்தப் பகுதிக்கு வேறு மூலம் தேட வேண்டும். அடுத்தது, அதன் எண்கள் குறிப்பிட்ட ஓர் ஈர்ப்பு மையத்தைச் சார்ந்தவை. எரிபொருள் தீரத் தீர மையம் நகர்வதை உங்கள் நிரல் கணக்கிடாவிட்டால் எஃப்-16 விமானத்தின் மிகப் பெயர்பெற்ற குணத்தைச் சரியாகக் காட்ட முடியாது.

அந்தக் குணம் டீப் ஸ்டால். எஃப்-16 நிலைப்பு குறைவாகவே வடிவமைக்கப்பட்ட விமானம். கணினி இல்லாமல் அதைப் பறக்க வைக்க முடியாது. சாதாரணமாகக் கணினி தாக்குகோணத்தை 25 பாகைக்கு அருகில் தடுத்துவிடும். செங்குத்தாக ஏறி வேகம் முழுவதும் வற்றிய நிலையில் அந்தத் தடுப்பு தோற்கும். தாக்குகோணம் 50, 60 பாகையில் போய் மாட்டிக்கொள்ளும். கிடைவாலை முழுவதும் இறக்கினாலும் மூக்கு இறங்காது. விமானம் தட்டையாக, மெல்ல ஆடிக்கொண்டே விழும். மீட்க, கணினியின் பிடியை விலக்கும் ஒரு ஸ்விட்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு, அந்த ஆட்டத்தின் தாளத்தோடு சேர்ந்து குச்சியை முன்னும் பின்னும் ஆட்டி, ஆட்டத்தைப் பெரிதாக்கி மூக்கைக் கீழே தள்ள வேண்டும். ஒரு சிமுலேட்டரில் இதை யாரும் தனியாக "டீப் ஸ்டால்" என்ற விதி எழுதாமல், அட்டவணையும் ஈர்ப்பு மையமும் கட்டுப்பாட்டு விதியும் சேர்ந்து தாமாகவே உண்டாக்கினால், அந்தப் பறப்பு மாதிரியை நான் நம்புவேன். பிஎம்எஸ் குழுவின் எஃப்-16 அந்த வழியில் போனதால்தான் இவ்வளவு மதிக்கப்படுகிறது.

இரண்டாம் உலகப் போர் விமானங்களுக்குத் தரவு அதிகம், சண்டையும் அதிகம். 2011இல் வெளிவந்த கிளிஃப்ஸ் ஆஃப் டோவர் என்ற சிமுலேட்டர் 1940இன் பிரிட்டன் வான்போரைப் பற்றியது. அதிகாரபூர்வத் திருத்தங்கள் 2012இல் நின்ற பிறகு டீம் ஃபியூஷன் என்ற ஆர்வலர் குழு அதை எடுத்து வளர்த்தது. பின்னர் உரிமையாளரின் ஒப்புதலோடு மூலநிரலைப் பெற்று 2017இல் பிளிட்ஸ் பதிப்பாக வெளிக்கொணர்ந்தது. அவர்கள் சேர்த்தவற்றில் 100 ஆக்டேன் எரிபொருளில் ஓடும் ஸ்பிட்ஃபயர் என்ற பிரிட்டிஷ் போர் விமானமும் ஒன்று. கேட்கச் சிறிய விஷயம். ஆனால் அந்த எரிபொருளால் அதன் மெர்லின் எஞ்சினுக்குள் செலுத்தும் காற்றின் அழுத்தத்தை ஆறேகால் பவுண்டிலிருந்து 12 பவுண்டுக்கு உயர்த்த முடிந்தது. கடல்மட்டத்தில் மணிக்குச் சுமார் 25 மைல் கூடுதல் வேகம். தாழப் பறந்து துரத்தும் எதிரியிடமிருந்து தப்புவதா, மாட்டுவதா என்பதை அது தீர்மானிக்கும்.

அதே மெர்லின் எஞ்சினில் மிதவை கார்புரேட்டர் இருந்தது. மூக்கைச் சட்டென்று கீழே அழுத்தினால் எஞ்சின் திணறும். ஜெர்மானிய மெஸ்ஸர்ஷ்மிட் 109 விமானத்தில் எரிபொருள் நேரடியாகச் செலுத்தப்பட்டதால் அந்தத் தொல்லை இல்லை. பல சிமுலேட்டர்கள் ஜி விசை சுழிக்குக் கீழே போனவுடன் எஞ்சினை அணைத்துவிடுகின்றன. நடந்தது வேறு. முதலில் எரிபொருள் மிதவை அறையின் மேற்பக்கம் எழும்பி எஞ்சினுக்குப் பற்றாக்குறை ஏற்படும். ஓரிரு நொடியில் மிதவை தவறாக வேலை செய்து எரிபொருள் வெள்ளமாகப் பாய்ந்து எஞ்சின் மூச்சுத் திணறும். 1941இல் பீட்ரிஸ் ஷில்லிங் என்ற பொறியாளர் வடிவமைத்த சிறு துளைத் தட்டு தீர்த்தது இந்த இரண்டாவது கட்டத்தைத்தான். ஆகவே இதை ஒரு ஸ்விட்சாக எழுதாமல், நேரத்தோடு மாறும் நிலையாக எழுத வேண்டும். அப்படி எழுதினால், ஷில்லிங் தட்டு பொருத்திய விமானத்துக்கு ஒரு எண்ணை மாற்றினாலே போதும்.

எதிரியின் விமானத்தைப் பற்றிய மிகச் சிறந்த தரவு பெரும்பாலும் கைப்பற்றிய விமானத்திலிருந்தே கிடைத்திருக்கிறது. 1942 ஜூனில் அலூஷியன் தீவுகளின் அகுட்டான் சதுப்பில் விழுந்த ஒரு ஜப்பானிய ஜீரோவை அமெரிக்கர்கள் மீட்டு, சான் டியேகோவில் பழுதுபார்த்து அந்த ஆண்டே பறந்து பார்த்தார்கள். வேகம் 200 நாட், அதாவது மணிக்குச் சுமார் 370 கிலோமீட்டரைத் தாண்டினால் சுருள்வுக் கட்டுப்பாடு (விமானத்தைத் தன் நீள அச்சில் பக்கவாட்டில் உருட்டுவது) இறுகிவிடுகிறது, வலப்பக்கத்தைவிட இடப்பக்கம் எளிதாகச் சுருள்கிறது, எதிர் ஜி விசையில் எஞ்சின் நிற்கிறது என்று தெரிந்தது. சிமுலேட்டர் எழுதுபவருக்கு இவை தங்கம். ஜாய்ஸ்டிக்கில் எந்த எதிர்விசையும் இல்லை என்பதால், விமானியின் கை பலத்துக்கு ஓர் எல்லையை நிரலே வைக்க வேண்டும். நாசாவின் முன்னோடி அமைப்பான நாக்கா 1947இல் வெளியிட்ட 868ஆம் அறிக்கையில் பல போர் விமானங்களின் சுருள்வு வேகம், குச்சியில் 50 பவுண்டு விசை என்ற கணக்கில் ஒப்பிடப்பட்டிருக்கிறது. அந்த வரைபடத்தை ஒப்பிட்டுப் பார்க்காமல் எந்தச் சுருள்வு வேகத்தையும் ஏற்காதீர்கள்.

நவீன விமானங்களுக்கு ஓர் எச்சரிக்கை. பொதுவில் வெளியிடப்படாத ராணுவக் கையேடுகளை வாங்கவோ பகிரவோ வேண்டாம். சிமுலேட்டர் துறையில் பணியாற்றிய ஒருவர் எஃப்-16 கையேடுகளை வெளிநாட்டுக்கு வரவழைக்க முயன்றதாக அமெரிக்காவில் குற்றம் சாட்டப்பட்டு, 2019இல் அங்கே கொண்டுசெல்லப்பட்டார். இந்த ஆர்வத்துக்காக யாரும் அந்த விலை கொடுக்கக் கூடாது. பொதுவில் உள்ள அறிக்கைகளும் இயற்பியலும் சேர்ந்தாலே பெரும்பகுதியைச் சரியாக எழுதலாம்.

ரேடாரை எடுத்துக்கொள்ளுங்கள். டாப்ளர் ரேடார், தரையோடு ஒன்றாக நகர்வதுபோல் தோன்றும் எதையும் வடிகட்டிவிடுகிறது. குறுக்காகப் பறக்கும் விமானம் அதனால் மறைந்துபோகும். இதை "90 பாகைக்கு இருபுறமும் 10 பாகை" என்று நிலையான கோணமாக எழுதிய நிரல்கள் உண்டு. வடிகட்டி பார்ப்பது கோணத்தை அல்ல, நெருங்கும் வேகத்தை. நொடிக்கு 50 மீட்டருக்குக் கீழுள்ளதை அது தள்ளிவிடுகிறது என்று கொள்வோம். நொடிக்கு 300 மீட்டரில் பறக்கும் இலக்கு ஏறக்குறைய 10 பாகைக்குள் சரியாகக் குறுக்கே பறந்தால்தான் மறையும். 150 மீட்டரில் பறந்தால் 19 பாகைவரை தாராளம். மெதுவாகப் பறப்பவருக்கு ஒளிவது எளிது, ஆனால் அவரிடம் தப்பிக்க ஆற்றல் மிஞ்சாது. இந்தப் பேரம்தான் உண்மையான வான்போரின் சுவை. நிலையான கோணம் அதை அழித்துவிடுகிறது. கூடவே, இலக்கின் பின்னால் தரைக்குப் பதிலாக வானம் இருந்தால் வடிகட்டத் தேவையே இல்லை என்பதையும் நிரல் அறிந்திருக்க வேண்டும்.

கண்ணால் எதிரியைக் காண்பது பற்றி ஒரு சொல். 60 பாகைப் பார்வையை 1920 புள்ளிகளில் காட்டும் திரையில் ஒரு புள்ளி ஏறக்குறைய 2 கலை அகலம் (கலை என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு). நல்ல கண் 1 கலையைப் பிரித்தறியும். ஆகவே இத்தகைய திரை கண்ணைவிட மங்கல். 5 கிலோமீட்டரில் நேராக வரும் போர் விமானத்தின் உடல் ஒரு புள்ளியைக்கூட நிரப்பாது. திரையின் துல்லியத்தைக் குறைத்தால் புள்ளி பெரிதாகி எதிரி நன்றாகத் தெரிவான் என்ற குறுக்குவழி பிறந்தது இதனால்தான். பிஎம்எஸ் செய்வதுபோல் தொலைவுக்கேற்பத் தொலைதூர விமானத்தை அளவோடு பெரிதாக்கிக் காட்டுவதே நேர்மையான தீர்வு. வடிவியல்படி அது பொய். விமானிக்குத் தெரிய வேண்டியது தெரிகிறது என்ற வகையில் அதுவே நிஜத்துக்கு நெருக்கம்.

கடைசியாக, நின்றுபோகும் கேம்பெய்ன். ஃபால்கன் 4.0 காட்டிய வழி இங்கும் உதவும். அதில் ஆயிரக்கணக்கான படைப்பிரிவுகள் ஒரே நேரத்தில் போரிடுகின்றன. எல்லாவற்றையும் முழுதாகக் கணக்கிட முடியாது. எனவே விளையாடுபவரைச் சுற்றி ஒரு குமிழி. குமிழிக்கு வெளியே ஒரு டாங்கிப் பிரிவு என்பது வெறும் எண்களின் தொகுப்பு. அதன் சண்டையின் முடிவைப் புள்ளியியல் தீர்மானிக்கிறது. குமிழிக்குள் வந்ததும் அது தனித்தனி டாங்கிகளாக விரிகிறது. வெளியேறினால் மீண்டும் எண்ணாகச் சுருங்குகிறது. அருமையான யோசனை, ஆனால் இந்த வகை அமைப்பில் பிழைகள் கூடு கட்டுவது அந்த எல்லையில்தான்.

ஒரு ஏவுகணை தன் இலக்கின் முகவரியை வைத்திருக்கிறது. இலக்கு குமிழியைவிட்டு வெளியேறிச் சுருங்குகிறது, அதன் நினைவகம் விடுவிக்கப்படுகிறது. ஏவுகணை அடுத்த ஃபிரேமில் இல்லாத இலக்கின் இடத்தைக் கேட்கிறது. பல நேரம் அங்கே பழைய எண்களே கிடப்பதால் எதுவும் தெரியாது. சில மணி நேரம் கழித்து அந்த இடத்தில் வேறு ஏதோ வந்து அமர்ந்த பிறகு நிரல் சரிகிறது. முகவரிக்குப் பதிலாக அடையாள எண்ணை வைத்து, ஒவ்வொரு முறையும் "இன்னும் இருக்கிறதா" என்று கேட்டுப் பெறுங்கள். அந்த எண் 16 பிட் என்றால் அதையும் மாற்றுங்கள். ஒவ்வொரு குண்டுக்கும் ஏவுகணைக்கும் புது எண் கொடுத்தால் 65,536 தாண்டியதும் பழைய எண்கள் திரும்ப வரும். நீண்ட கேம்பெய்னில் அது நடந்தே தீரும். இன்னொரு சந்தேகம் இணை இழைகள், அதாவது நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் தனித்தனி வேலைத் தொடர்கள். கேம்பெய்ன் ஓர் இழையிலும் பறப்பு இன்னொன்றிலும் ஓடினால், ஒற்றைச் செயலிக் காலத்தில் ஒருபோதும் மோதாத இரண்டும் இன்றைய பல்கருக் கணினியில் ஒரே நினைவகத்தை ஒரே கணத்தில் தொடும். ஒரே கருவில் மட்டும் ஓடும்படி நிரலைக் கட்டிப்போட்டுப் பாருங்கள். நிற்பது குறைந்தால் சந்தேகம் உறுதியாகும். ஆனால் அந்தக் கட்டை அப்படியே விட்டுவிட்டுத் திருப்தி அடையாதீர்கள். பகிரப்படும் தரவுக்குப் பூட்டு போடுவதே மருந்து.

இவற்றைப் பிடிக்க மனிதர் உட்கார்ந்து பல மணி நேரம் பறக்க வேண்டியதில்லை. திரை இல்லாமல், நேரத்தை வேகப்படுத்தி, தற்செயல் எண்களின் தொடக்க விதையைக் குறித்து வைத்து, கேம்பெய்னை இரவு முழுக்கத் தனியே ஓட விடுங்கள். நின்றால் அதே விதையோடு மீண்டும் ஓட்டுங்கள். அதே இடத்தில் நின்றால் பிழை உங்கள் கையில். வேறு இடத்தில் நின்றால் இழைகளின் மோதலை முதலில் சந்தேகியுங்கள்.

நேர அடியைத் திருத்திய பதிப்பில் வேறு எதையும் சேர்க்காமல் வெளியிட்டு, நண்பர்கள் அனைவரும் அதே கோப்புகளோடு இருக்கிறார்களா என்று பிணைய ஆட்டம் தொடங்கும் முன் நிரலே சரிபார்க்கும்படி செய்யுங்கள். ஏவுகணைக் குறையில் எவ்வளவு அதோடு தீர்ந்தது என்று பார்த்த பிறகு எதிரி விமானங்களின் ஆற்றல் உயர வரைபடத்தைப் போடுங்கள். எடை, உயரம், வெப்பநிலை மூன்றையும் குறித்து அந்த வரைபடத்தை எனக்கு அனுப்பினால், இழுவை அட்டவணையில் எந்தக் கட்டத்தைப் பார்க்க வேண்டும் என்று சேர்ந்தே தேடலாம்.